இரண்டாம் சரணத்துக்கு முன்னால் எட்டுச் சுற்று

டி மாய்ன், அயோவா
ஜனவரி 7, 1924

கிளெம்,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்க மனம் வரவில்லை. அதனால் வெறும் கிளெம்.

தட்டு சுழற்றும் ஃபெர்கஸை நேற்று ரயில் நிலையத்தில் பார்த்தேன். போன வாரம் எவான்ஸ்வில்லில் உன்னோடு ஒரே மேடையில் இருந்தானாம். என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். "உன் தம்பி பின்றான் வெர்னா! அந்த மழைக்கோட்டு மாப்பிள்ளை பாட்டைப் பாடினான் பாரு, ஜனங்க கூரையைப் பிச்சுட்டாங்க!"

கையில் சாண்ட்விச்சோடு அப்படியே நின்றேன். 'மழைக்கோட்டு இல்லாத மாப்பிள்ளை' என் பாட்டு! மழையில் நனைந்து சர்ச் வாசலில் நிற்கிறானே அந்த அசட்டு மாப்பிள்ளை, அவனைப் பெற்றவள் நான். அவனை நீ ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு அலைகிறாயா?

ஒன்பது வருஷம் 'லாரபியும் லாரபியும்' என்று ஒரே பெட்டியில் துணி அடுக்கி அலைந்தோம். பியோரியாவில் பகல் காட்சிக்கும் மாலைக் காட்சிக்கும் நடுவில் ஒரு வார்த்தை சொல்லாமல் ஓடிப்போனாய். போனதுதான் போனாய், வாத்திய நோட்ஸ் கட்டையுமா தூக்கிக்கொண்டு போவது? அன்று மாலை பதினோரு வாத்தியக்காரர்களும் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பியானோக்காரர் ஒருவர் மட்டும் புண்ணியத்துக்குக் கூடவே வாசித்தார்.

பாட்டை நிறுத்து. நோட்ஸ் கட்டை அனுப்பு.

வெர்னா


டெர்ரி ஹோட், இண்டியானா
ஜனவரி 12, 1924

அன்புள்ள அக்கா,

(எனக்கு மனம் வருகிறது, பார்.)

ஓடிப்போனது உண்மை. ஆனால் எதைப் பார்த்துவிட்டு ஓடினேன் என்று நீ கேட்கவே இல்லையே. பியோரியா தியேட்டர் வாசலில் புதுச் சுவரொட்டி. 'வெர்னா லாரபி' என்று போட்டிருந்தது. ஒவ்வொரு எழுத்தும் என் பூட்ஸ் உயரம். அதற்குக் கீழே, கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினால் தெரிகிற மாதிரி, 'தம்பியுடன்'. பேர்கூட இல்லை அக்கா! அதே சுவரொட்டியில் நாய் வித்தைக்காரனுடைய நாய்க்குப் பேர் போட்டிருந்தது. பிஸ்கட். நான் பிஸ்கட்டுக்கும் கீழே.

பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். வார்த்தை உன்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். மெட்டு யாருடையது? கான்சாஸில் ரயில் பனியில் சிக்கி நின்றபோது ஜன்னல் கண்ணாடியில் தட்டித் தட்டிக் கண்டுபிடித்தது நான். நடுவில் வரும் எட்டுச் சுற்றும் என்னுடையதுதான். முதல் சரணம் முடிந்ததும் வாத்தியமெல்லாம் வாயை மூடிக்கொள்ள, எட்டுத் தாளச் சுற்றுக்கு நான் ஆட, என் பூட்ஸ் மட்டும் பேசுமே! அதற்கு அப்புறம்தானே நீ இரண்டாம் சரணத்தையே எடுப்பாய்?

கட்டு என்னிடம்தான் இருக்கிறது. திருடவில்லை. ஒன்பது வருஷமாகத் தூக்கிய கை, தானாக எடுத்துக்கொண்டுவிட்டது. அதில் இருப்பதெல்லாம் உன் சுருதிக்கு எழுதியது. எனக்கு உதவாது என்று என் குரலுக்கு வேறே எழுதிக்கொண்டேன். அடுத்த ஊரிலிருந்து அனுப்பிவிடுகிறேன்.

ஒரே ஒரு கேள்வி. அந்தத் 'தம்பியுடன்' யார் போடச் சொன்னது?

கிளெம்


ஒமாஹா, நெப்ராஸ்கா
ஜனவரி 19, 1924

கிளெம்! கிளெம்! கிளெம்!

சண்டையைக் கொஞ்சம் ஓரமாக வை. இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன், உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

சிகாகோ! எம்பரர் தியேட்டர்! பிப்ரவரி நாலாம் தேதியிலிருந்து ஒரு வாரம், நிகழ்ச்சி வரிசையில் ஏழாவது இடம்! கேட்டாயா, ஏழாவது! ஜனங்கள் கோட்டைக் கழற்றி, நாற்காலியில் சாய்ந்து, பாப்கார்னையும் தின்று முடித்திருக்கும் நேரம். அது மட்டும் இல்லை. திங்கட்கிழமை பகல் காட்சிக்கு ஆஸ்ட்ராண்டர் வருகிறார். ஆமாம், அந்த ஆஸ்ட்ராண்டர்தான். நியூயார்க்கில் அவருடைய புது நாடகத்துக்கு ஒரு பாட்டுக்காரி வேண்டுமாம். மேடையோரத் தனி மாடத்தில், மூன்றாம் பாக்ஸில் உட்காருவாராம். தந்தியைப் படித்துவிட்டு ஓட்டல் மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஓட்டல்காரி, "யாராச்சும் செத்துட்டாங்களா?" என்று ஓடிவந்தாள். "இல்லைங்க, நான் பொறந்திருக்கேன்" என்றேன்.

ஒன்பது வருஷம் இந்த ஒரு நாளுக்காகத்தானே அலைந்தோம்? அதனால் தெளிவாகச் சொல்கிறேன்: அந்தப் பாட்டு எனக்கு வேண்டும். கட்டை நீ அனுப்பவேண்டாம். இங்கே ஒருவரைப் பிடித்து ஞாபகத்திலிருந்தே புதிதாக எழுதிவிட்டேன். உன் எட்டுச் சுற்று அதில் இல்லை. முதல் சரணம் முடிந்த கையோடு இரண்டாம் சரணம், ஒட்டுப் போட்ட இடமே தெரியாது.

வெர்னா

சுவரொட்டி அச்சுக்காரன் வேலை. எனக்கென்ன தெரியும்?


ஃபோர்ட் வேன், இண்டியானா
ஜனவரி 26, 1924

அன்புள்ள அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி. பக்கத்தில் மாடிப்படி இருக்கிறதா?

எம்பரர் தியேட்டரில் நீ பாடும் அதே வாரம் ப்ரூன்ஹில்டா என்ற கடல்சிங்கம் இரண்டாவது இடத்தில் வருவதாக இருந்தது. மூக்கால் பந்தை நிறுத்தும், கொம்பு ஊதும், பெரிய நட்சத்திரம். அதற்கு ஜலதோஷம். அந்த இடத்துக்கு அவசரமாக ஆள் தேடியிருக்கிறார்கள். ஏஜெண்ட் என்னைக் கூப்பிட்டு, "சிகாகோ போறியா? ஒரு கடல்சிங்கத்துக்குப் பதிலா" என்று கேட்டார். "மீனு உண்டா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஆக, ஒரே மேடை, ஒரே வாரம், ஒரே ஆஸ்ட்ராண்டர்!

என்னிடம் கோபம் வேண்டாம் அக்கா, நான் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது இடம் என்றால் ஜனங்கள் இருக்கை எண்ணைத் தேடி முட்டிக்கொள்ளும் நேரம். அந்தக் கூச்சலில் அவர்களை என் பக்கம் திருப்ப என்னிடம் இருப்பது இந்த ஒரு பாட்டுதான். அது இல்லாவிட்டால் நான் ஒரு ஜோடி பூட்ஸ், அவ்வளவே. உனக்காவது குரல் இருக்கிறது. நீ சமையல் குறிப்பைப் பாடினாலும் கைதட்டுவார்கள்.

அதனால் விட்டுக்கொடுக்க மாட்டேன். எப்படித் தூங்குவது என்று தெரியவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

கிளெம்


ஒமாஹா
ஜனவரி 30, 1924

அடேய் கடல்சிங்கம்,

எம்பரர் மேலாளருக்குத் தந்தி அடித்துக் கேட்டேன். பதில் வந்துவிட்டது: 'ஒரு மேடையில் ஒரு பாட்டு ஒரு முறைதான். வழக்கப்படி.' வழக்கம் உனக்கும் தெரியும். திங்கட்கிழமை காலை மேடை விளிம்பில், விளக்கு வரிசைக்குப் பக்கத்தில், யாருடைய நோட்ஸ் கட்டு முதலில் கிடக்கிறதோ அந்த வாரம் பாட்டு அவர்களுக்கே. அப்புறம் அழுதாலும் புரண்டாலும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறுகிறேன். திங்கள் காலை ஆறு மணிக்குச் சிகாகோவில் என் கால். நீ ஏழு மணிக்கு முன்னால் எழுந்த நாள் உலகத்தில் உண்டா? ஒன்பது வருஷம் உன்மேல் தண்ணீர் தெளித்து எழுப்பியவள் நான். இந்தத் தடவை தெளிக்க வரமாட்டேன்.

வந்து பார்!

வெர்னா


எம்பரர் தியேட்டர், மாடி அறை
பிப்ரவரி 4, திங்கள், மாலை நாலு மணி

கிளெம்,

இதை உன் அறைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். நேரில் பார்த்தால் அறைந்துவிடுவேன்.

இதைவிட மோசமான காலை எனக்கு வாய்த்ததில்லை. பனியில் ரயில் ஐந்தரை மணி நேரம் தாமதம். இறங்கினால் என் பெட்டி இல்லை, மில்வாக்கிக்குப் போய்விட்டதாம். பெட்டியோடு உடுப்பும் போச்சு, புது நோட்ஸும் போச்சு. அழுதுகொண்டே பதினொன்றே முக்காலுக்குத் தியேட்டருக்குள் ஓடிவந்தேன். வாத்தியத் தலைவர், "எங்கம்மா போயிட்டீங்க? உங்க கட்டுதான் வரிசையில முதல்ல கிடக்கு. நேரமில்ல, தொடக்கமும் முடிவும் மட்டும் ஒரு தடவை வாசிச்சுப் பாத்துடலாம்" என்றார். பார்த்தால் நம் பழைய தோல் உறைக் கட்டு, மேலே என் பேர். எப்படி வந்தது, யார் வைத்தது, எதையும் யோசிக்கவில்லை. கடவுளே வந்து வைத்தார் என்று நினைத்துக்கொண்டேன். சைக்கிள் வித்தைக்காரி டாரிஸ் கவுன் இரவல் கொடுத்தாள். இடுப்பில் நாலு ஊசி குத்திக்கொண்டு மேடை ஏறினேன்.

முதல் சரணம் எப்படிப் போச்சு, நீயும் கேட்டிருப்பாய்! மாப்பிள்ளையின் தொப்பியிலிருந்து தண்ணீர் பாதிரியார் புத்தகத்தில் சொட்டும் இடத்தில் மூன்றாம் பாக்ஸிலிருந்து ஒரு பெரிய சிரிப்பு. ஆஸ்ட்ராண்டர்! என் உடம்பெல்லாம் பறந்தது. அப்படியே இரண்டாம் சரணத்துக்கு வாயைத் திறக்கிறேன், வாத்தியம் எல்லாம் டப்பென்று நின்றுவிட்டது. பழைய கட்டு! எட்டுச் சுற்று!

ஆயிரத்து எண்ணூறு பேர் முன்னால் வாயைத் திறந்தபடி நிற்கிறேன் கிளெம். ஒரு சுற்று முழுசாகப் போச்சு. அப்போதுதான் நீ குதித்தாய். கால்சட்டையின் சஸ்பெண்டர் வார் தொங்க, பாதி முகத்தில் கிரீம், ஒரு பூட்ஸில் நாடா இல்லை. மிச்சம் ஏழு சுற்றும் ஆடித் தீர்த்துவிட்டு, எனக்கு ஒரு சலாம் போட்டுவிட்டு ஓடினாய். கூரை இடிந்து விழும் என்று நினைத்தேன்.

யாருக்கு அந்தக் கைதட்டல்? உனக்குத்தானே! இரண்டாவது இடத்தில் ஆடியது போதாமல், ஏழாவது இடத்தில், என் பாட்டில், என் ஆஸ்ட்ராண்டர் முன்னால் ஏற இப்படி ஒரு வழி! அந்தக் கட்டை வைத்தது நீதானே? அந்தச் சுற்று அதில் இருக்கிறது என்று உனக்குத் தெரியாதா? நல்லா இரு.

வெர்னா


அதே நாள், ஐந்து மணி

அக்கா,

கட்டை வைத்தது நான்தான். எட்டுச் சுற்று அதில் இருக்கிறது என்பதை மறந்தே போனேன். முகம் துடைத்துக்கொண்டிருந்தபோது வாத்தியம் நின்றது கேட்டது. அப்புறம் கால்தான் ஓடியது, நான் இல்லை.

நம்பினால் நம்பு.

கிளெம்


நியூயார்க்
பிப்ரவரி 18, 1924

அன்புள்ள கிளெம்,

இந்தக் கடிதத்தை நாலு தடவை கிழித்துவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் நாள் மாலையிலிருந்தே எட்டுச் சுற்றை வெட்டிவிட்டுப் பாடினேன். செவ்வாய்க்கிழமையே ஆஸ்ட்ராண்டரிடம் கையெழுத்துப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ கலமஸூவுக்குக் கிளம்பிப் போனபிறகு, நான் பெட்டி கட்டிக்கொண்டு இறங்கும்போது வாசல் காவல்காரர் ஹைரம் பிடித்துக்கொண்டார்.

"உன் தம்பிகூடப் பேசமாட்டேங்கறியாமே, ஏம்மா? அன்னிக்குக் காலைல ஆறரைக்கே வந்துட்டான் அவன். கையில ரெண்டு கட்டு. தன்னோடதை முதல்ல வச்சான், பக்கத்துலயே உக்காந்துட்டான். ஒமாஹா ரயில் பனியில மாட்டிக்கிச்சுன்னு நான்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கிட்டே இருந்தான். அப்புறம் தன் கட்டை எடுத்துப் பெட்டில போட்டுட்டு, அந்தப் பழசை வச்சான். 'ஏன்டா, ஜெயிச்சுட்டியே?'ன்னேன். 'அக்காகிட்ட ஜெயிக்கத்தான் வந்தேன். ரயில்கிட்ட ஜெயிக்கறது என்ன ஜெயிப்பு?'ன்னான்."

டாரிஸிடமும் ஓடிப்போய்க் கேட்டேன். நான் மேலே இரவல் கவுனுக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தபோது, நீ பாட்டே இல்லாமல் வெறும் பூட்ஸோடு இரண்டாவது இடத்தில் ஆடினாயாம். நாலு பேர் கைதட்டினார்களாம், மூன்றாம் பாக்ஸ் அப்போது காலியாம். அந்த நாலில் ஒருத்தி டாரிஸ்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல். அங்கேயே பெட்டிமேல் உட்கார்ந்து அழுதேன்.

இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஐந்தாவது தடவை கிழித்துவிடுவேன். ஒன்று, பியோரியா சுவரொட்டி. நான்தான் அப்படிப் போடச் சொன்னேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் பேரைப் பெரிசாகப் பார்க்கவேண்டும் என்று ஆசை. உன் பேரை எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் இடம் போதவில்லை என்று அச்சுக்காரன் கேட்டபோது சும்மா இருந்தேன். அதுவும் சொன்னதுதான்.

இரண்டாவது இதைவிட மோசம். அன்று காட்சி முடிந்ததும் ஆஸ்ட்ராண்டர் என் அறைக்கு வந்தார். "நடுவுல ஓடிவந்து ஆடினானே, யாரும்மா அவன்?" என்றார். எனக்குக் கோபம் கண்ணை மறைத்தது. "யாரோ திரை இழுக்கறவன் சார். புத்தி பிசகிடுச்சு" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

என் தம்பியைத் திரை இழுக்கிறவன் என்றேன். மன்னிப்பாயா தெரியாது. ஆனால் வா. நியூயார்க் வா. ஆஸ்ட்ராண்டரிடம் நான் சொல்கிறேன்.

உன் அக்கா


கலமஸூ, மிஷிகன்
பிப்ரவரி 25, 1924

அன்புள்ள அக்கா,

சுவரொட்டி நீதான் என்று எனக்குப் பியோரியாவிலேயே தெரியும். அச்சுக்காரனிடமே கேட்டேன். நீயாகச் சொல்கிறாயா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டாய், அது முடிந்தது.

இரண்டாவதை எழுதியிருக்க வேண்டாம். திரை இழுப்பது நல்ல தொழில்தான், மழையில் நனையாமல் உள்ளேயே இருக்கலாம். ஆனாலும் வலிக்கிறது அக்கா. பொய் சொல்ல மாட்டேன்.

வரமாட்டேன். கோபத்தில் இல்லை. 'அக்காவின் சிபாரிசில் வந்தவன்' என்று நியூயார்க்கில் கால் வைத்தால், அதுவும் 'தம்பியுடன்'தான். ஆஸ்ட்ராண்டர் தானாகவே கேட்டால் வருவேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. அந்த ஏழு சுற்று மாதிரி நான் வாழ்க்கையில் ஆடியதில்லை. நாடா இல்லாத பூட்ஸ் எப்போது கழன்று பறக்குமோ என்ற பயத்திலேயே ஆடினேன். இப்போதும் நினைத்தால் சிரிப்பு வருகிறது.

நன்றாகப் பாடு.

கிளெம்


நியூ ஹேவன்
மார்ச் 11, 1924

என் தங்கத் தம்பி,

மணி காலை ஏழு. தூங்கவில்லை, சாப்பிடவில்லை, எழுதத்தான் முடிகிறது!

நியூயார்க்கில் திங்கட்கிழமை, 17ஆம் தேதி திரை ஏறுகிறது. அதற்கு முன்னால் இங்கே நாலு நாள் வெள்ளோட்டம். நேற்று முதல் நாள். வாத்தியத் தலைவரை மட்டும் கையில் போட்டுக்கொண்டு ஒரு வேலை செய்தேன். முதல் சரணம் முடிந்தது. வாத்தியம் நின்றது. நானும் நின்றேன்.

எட்டுச் சுற்றும் நின்றேன் கிளெம். கையை மடித்து, திரை ஓரத்தைப் பார்த்துக்கொண்டு, நீ எங்கிருந்து வருவாயோ அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றேன். முதலில் நாலு பேர் சிரித்தார்கள். அப்புறம் இருமினார்கள். ஐந்தாவது சுற்றில் மேல்மாடி கேலரியில் எவனோ காலால் தாளம் தட்ட ஆரம்பித்தான். எட்டு முடிந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி இரண்டாம் சரணத்தை எடுத்தேன்.

உள்ளே வந்தால் ஆஸ்ட்ராண்டர், முகம் பீட்ரூட் மாதிரி.

"என்னம்மா, பாட்டு மறந்துடுச்சா?"

"இல்ல சார்."

"பின்ன யாருக்காக அங்க நின்ன?"

"என் தம்பிக்காக. அது அவன் இடம். சிகாகோல வந்து ஆடினானே, அவன் திரை இழுக்கறவன் இல்ல சார். கிளெம் லாரபி. ஒன்பது வருஷம் என்கூட ஆடினவன். நான் பொய் சொல்லிட்டேன். வேலையை விட்டு அனுப்பறதுன்னா அனுப்புங்க."

போச்சு, பெட்டி கட்டவேண்டியதுதான் என்று நினைத்தேன். அப்புறம் கத்தினார் பார், கண்ணாடி அதிர்ந்தது!

"ஏம்மா, அவனைத்தான் அஞ்சு வாரமா தேடிக்கிட்டு இருக்கேன்! 'உங்க திரை இழுக்கற ஆளை உடனே அனுப்புங்க'ன்னு எம்பரருக்கு ரெண்டு லெட்டர் போட்டேன். அறுபத்தெட்டு வயசுக் கிழவர் ஒருத்தரை ரயில் ஏத்தி அனுப்பிட்டாங்க! வந்து என் முன்னால நின்னுக்கிட்டு, 'எந்தத் திரை சார்?'ங்கறார்!"

கிளெம், நான் சிரித்த சிரிப்பில் கவுன் பின்னால் கிழிந்துவிட்டது. அந்தக் கிழவர் இப்போது எங்களுக்குத்தான் திரை இழுக்கிறார். பேர் ஆம்ப்ரோஸ். உன்னைப் பார்க்கவேண்டும் என்று துடிக்கிறார், உன்னால் வேலை கிடைத்ததாம்.

ஆஸ்ட்ராண்டர் கேட்டால் வருவேன் என்றாயே. நான் கேட்பதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டார்! உன் முகவரியைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறார், அவருடைய தந்தி இதற்கு முன்னாலேயே வந்து சேர்ந்தாலும் சேரும்.

நியூயார்க் சுவரொட்டிக்கு ராத்திரியே புது மாதிரி அச்சடிக்கச் சொல்லிவிட்டார், விடிகாலையில் கைக்கு வந்தது. வெர்னா லாரபி, கிளெம் லாரபி. அடிக்கோல் வைத்து அளந்தேன். மயிரிழை வித்தியாசம் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். சிகாகோவில் ஒரு சுற்று ஓடிவருவதிலேயே போய்விட்டது. இந்தத் தடவை பூட்ஸுக்கு நாடா கட்டிக்கொண்டு நேரத்துக்கு வா.

உன் அக்கா


தந்தி
கலமஸூ, மார்ச் 14, 1924

வெர்னா லாரபி, நியூயார்க்

திரை இழுக்கிறவன் ஞாயிறு காலை ரயிலில் வருகிறான். நாடா கட்டியாகிவிட்டது. இந்தத் தடவை எட்டுச் சுற்றும்.

கிளெம்